அரசுப் பள்ளியில் கலையையும் கணினியையும் சேர்த்துக் கற்பிக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றுக்கு ஓவியமோ இசையோ சொல்லித்தர வந்திருக்கும் பகுதிநேர ஆசிரியர், “கம்ப்யூட்டர் லேபை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சாவி வாங்கிக்கொண்ட பட்டதாரி ஆசிரியர், வாரத்தில் ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைக்கும் தன்னார்வலர். இந்த மூவரில் நீங்கள் ஒருவர் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காக. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கையில் பெரிய நிதி இருக்காது, வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடவேளைதான் கிடைக்கும். அந்த நிலைமைக்குத் தோதானதை மட்டும் சொல்கிறேன்.

கலை வகுப்பு தனி, கணினி வகுப்பு தனி என்று நடத்தினால் இரண்டுமே மெலிந்துபோகும். தேர்வு நெருங்கியதும் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். கணினி வகுப்பு, பெயரைத் தட்டச்சு செய்து எழுத்தின் நிறத்தை மாற்றுவதோடு நின்றுவிடும். இரண்டையும் ஒரே வேலையாக்குங்கள். பிள்ளைகள் முதலில் கையால் ஒன்றைச் செய்யட்டும். “இது நகர்ந்தா எப்படி இருக்கும் சார்?”, “இன்னும் பெருசா வரைய முடியுமா மிஸ்?” என்று அவர்களே கேட்கும்போது கணினியைத் திறங்கள். கை முதலில், கணினி பிறகு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகும்.

இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தோடு உள்ள அட்டவணை, 100 பேருக்கு மேல் படிக்கும் உயர்தொடக்கப் பள்ளிகளில் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு அமர்த்தினார்கள். ஊதியம் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது, பணிநிரந்தரம் மட்டும் கோரிக்கையாகவே நீண்டுகொண்டிருக்கிறது. அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. மூன்று அரைநாளில் ஒரு பள்ளியின் கலைக்கல்வி முழுவதையும் ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு, அவரைத் தற்காலிகமாகவே வைத்திருப்பது பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. கணினிப் பக்கம் பார்த்தால், 6,000-க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்துவிட்டது. நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது நீண்டிருக்கிறது. 2022-23 கல்வியாண்டிலிருந்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைப் போட்டியான கலைத் திருவிழாவும் நடக்கிறது. ஆக, ஆளும் உண்டு, கருவியும் உண்டு, மேடையும் உண்டு. மூன்றையும் ஒரே வகுப்பறைக்குள் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

முதல் வாரம் எதுவும் நடத்தாதீர்கள், பாருங்கள்

ஆய்வகத்தில் எத்தனை கணினி இயங்குகிறது, மின்சாரம் போனால் எத்தனை நிமிடம் தாங்குகிறது, எந்த மவுஸ் வேலை செய்யவில்லை, ஒலிபெருக்கி இருக்கிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் எந்தெந்த நாள்களில் இணையவழித் தேர்வுக்கும் பயிற்சிக்கும் போய்விடும் என்று பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். மென்பொருள் நிறுவ நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும் என்றால் அது யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இதைக் கேட்காமல் பாடத்திட்டம் போட்டுவிட்டு, ஆய்வகம் பூட்டியிருக்கும் நாளில் நாற்பது பிள்ளைகளோடு வாசலில் நிற்க நேரும்.

அப்புறம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. “உங்கள் வீட்டில், தெருவில் யாருக்கு என்ன செய்யத் தெரியும்?” கோலம், பூக்கட்டுவது, பாய் முடைவது, சிலம்பம், ஒயிலாட்டம், பறை, நாதசுரம், சுவரெழுத்து, தையல், மண்பாண்டம், பந்தல் அலங்காரம் என்று பட்டியல் நீளும். அதை ஒரு சார்ட்டில் எழுதி வகுப்பில் ஒட்டுங்கள். உங்கள் ஊரின் கலைப் பாடநூல் அதுதான்.

இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கைத்தொழிலும் கலையும் நம் ஊர்களில் சாதியோடு பின்னிக் கிடக்கின்றன. பறை வாசிக்கும் வீட்டுப் பிள்ளையை அழைத்து “நீ பறை அடி” என்று சொல்லிவிடாதீர்கள். குயவர் வீட்டுப் பிள்ளையை மண்ணுக்கும், கோயில் பக்கத்துத் தெருப் பிள்ளையை வாய்ப்பாட்டுக்கும் அனுப்பாதீர்கள். பட்டியலில் ஆள் பெயர் வேண்டாம், கலையின் பெயர் மட்டும் போதும். எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும், யாருக்கு எதில் கை ஓடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

அனுமதி, நேரம், பொருள்

ஆசிரியர் என்றால் தலைமையாசிரியரிடம் பேசினால் போதும். வெளியிலிருந்து வருபவர் என்றால் எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் வகுப்புக்குள் நுழையாதீர்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலர் என்று வழி தலைமையாசிரியருக்குத் தெரியும். என்ன செய்யப் போகிறீர்கள், எந்த வகுப்பு, எந்த நேரம், எப்போது முடியும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வகுப்பு நடக்கும்போது பள்ளி ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பதாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

பள்ளி மேலாண்மைக் குழுவை மறந்துவிடாதீர்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, “கம்ப்யூட்டரில் கோலம் போடப் போகிறோம், உங்களில் யாராவது வந்து சிக்கு கோலம் சொல்லித்தர முடியுமா?” என்று கேளுங்கள். அந்த நிமிடத்தில் கூட்டத்தின் முகமே மாறும். பள்ளிக்கு வந்து குறை கேட்டுப் போவதையே பழக்கமாக வைத்திருந்தவர்களிடம் முதல்முறையாக யாரோ பாடம் கேட்கிறார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, அடுத்தடுத்து இரண்டு பாடவேளையாகக் கேளுங்கள். நாற்பது நிமிடத்தில் கணினியை இயக்கி, கோப்பைத் திறந்து, ஆளை உட்காரவைப்பதற்கே பாதி போய்விடும். பள்ளி விட்ட பிறகு என்று மட்டும் வைக்காதீர்கள். பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகளும், தம்பி தங்கையை அழைத்துப் போக வேண்டிய பெண் பிள்ளைகளும் அதில் விடுபட்டுப் போவார்கள்.

பொருள் அதிகம் வேண்டாம். சாக்பீஸ், சார்ட், பழைய அட்டைப்பெட்டி, ஈர்க்குச்சி, நூல், கத்தரிக்கோல், வண்ணக் கண்ணாடித்தாள், ஒரு வெள்ளை வேட்டி, கேமரா உள்ள ஒரு கைப்பேசி, இரண்டு பென் டிரைவ். கைப்பேசி உங்களுடையதாகவே இருக்கட்டும், பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லக் கூடாது. மென்பொருளில் மூன்று போதும், மூன்றும் இலவசம். வரைய டக்ஸ் பெயிண்ட் (இதில் தமிழ் இடைமுகமும் உண்டு), ஒலி வெட்ட ஆடாசிட்டி, அசைவுக்கும் நிரலுக்கும் ஸ்கிராட்ச். இவற்றை இணையம் உள்ள இடத்தில் பதிவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, இணையம் இல்லாமலே ஓடும்படி நிறுவிவிடுங்கள்.

நன்கொடையாளர் யாராவது ரோபோ கிட் வாங்கித் தருகிறேன் என்றால், முதல் ஆண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு ஒலிபெருக்கியும் ஒரு புரொஜெக்டரும் கேளுங்கள். கிட்டில் ஒரு சின்ன பாகம் தொலைந்தாலும் மொத்தமும் பீரோவுக்குள் போய்விடும். புரொஜெக்டர் இருந்தால் ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் செய்ததை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.

முதல் வேலை: தரையில் கோலம்

கோலத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாருக்கும் பார்த்துப் பழகிய ஒன்று, செலவு கிடையாது, கணினிக்கும் அதற்கும் உறவு உண்மையாகவே பழையது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலங்களைக் கணினி அறிவியலில் பயன்படும் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் அரிசி மாவால் போடுவது கணினி அறிவியல் ஆய்விதழுக்குப் போன கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தங்கள் அம்மாவுக்குத் தெரிந்தது படிப்பிலும் சேர்த்திதான் என்று தெரியும்போது அவர்கள் உட்காரும் விதமே வேறாகிவிடும்.

முதல் நாள் கணினி கிடையாது. மேலாண்மைக் குழுவிலிருந்து வந்த அம்மாவோ பாட்டியோ முற்றத்தில் போட்டுக் காட்டட்டும். ஆண் பிள்ளைகளில் சிலர் முதலில் தள்ளி நிற்பார்கள். “இது பொம்பளைங்க வேலை” என்ற பேச்சும் வரலாம். வாதம் செய்ய வேண்டாம். புள்ளி வைப்பதற்கு அளவு பார்க்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், நூல் பிடித்து நேர்க்கோட்டில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் சாக்பீஸ் கேட்டு வருவார்கள்.

சுருக்கமான சிக்கு கோலத்தில் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. நேர்ப்புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி வைத்து, கோடு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் போய் ஓரத்தில் வளைந்து திரும்பும் வழக்கமான முறையில் வரையச் சொல்லுங்கள். முழுக் கோலமும் ஒரே இழையில் முடியாது, தனித்தனியாக மூன்று இழைகள் வரும். இப்போது 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. கை எடுக்காமல் ஒரே இழையில் முடிந்துவிடும். 2-க்கு 4 போட்டால் இரண்டு இழை. 4-க்கு 6 போட்டாலும் இரண்டு. 2-க்கு 5 போட்டால் ஒன்று.

இதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, வரிசை எத்தனை, புள்ளி எத்தனை, இழை எத்தனை என்று மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். ஏழெட்டுக் கோலம் ஆனதும் யாராவது ஒரு பிள்ளை பலகையைப் பார்த்துக்கொண்டே நிற்கும். இழைகளின் எண்ணிக்கை, அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. ஆறாம் வகுப்புக் கணக்கில் படித்துவிட்டு எதற்கென்று தெரியாமல் விட்ட அந்தச் சொல் இங்கே தரையில் கிடக்கும். கண்டுபிடித்தவர்கள் மற்றவர்களுக்கு விளக்கட்டும், நீங்கள் ஓரமாக நில்லுங்கள். கணக்கு ஆசிரியரை அந்த நேரம் கூப்பிட்டு நிறுத்தினால் இன்னும் நல்லது. தேர்வு நேரத்தில் உங்கள் பாடவேளையை எடுத்துக்கொள்ளக் கேட்கும்போது அவருக்கு இது நினைவிருக்கும்.

வரைந்த எல்லாவற்றையும் நோட்டிலும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். முற்றத்தில் போட்டது மதியத்துக்குள் காலடியில் அழிந்துவிடும்.

இரண்டாவது வேலை: அதே கோலம் திரையில்

ஸ்கிராட்ச் என்பது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட நிரல்மொழி. தட்டச்சு செய்ய வேண்டாம், வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றின் கீழ் ஒன்று பொருத்தினால் நிரல் தயார். கட்டைகளில் இருக்கும் ‘மூவ்’, ‘டர்ன்’, ‘ரிப்பீட்’ என்ற மூன்று சொற்களைப் பலகையில் எழுதி, பொருள் சொல்லி, வகுப்பில் நடந்து காட்டச் செய்யுங்கள். ஒரு பிள்ளை நடக்கட்டும், இன்னொரு பிள்ளை கட்டளை சொல்லட்டும். “பத்து அடி மூவ், வலப்பக்கம் டர்ன்.” ஆங்கில அச்சம் அதிலேயே பாதி குறைந்துவிடும்.

ஒரு கணினிக்கு இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். இயந்திரம் போதாவிட்டால் பாதி வகுப்பு நோட்டில் அடுத்த கோலத்தை வரையட்டும், பாதி வகுப்பு கணினியில். மவுஸைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றச் சொல்லி மணி அடியுங்கள். இதைச் செய்யாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பெண் பிள்ளைகள் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இதை நான் எத்தனையோ வகுப்பில் பார்த்திருக்கிறேன், மணி ஒன்றுதான் இதற்கு மருந்து.

முதல் நிரலாக எட்டு இதழ் நட்சத்திரக் கோலம் போடலாம். சிக்கு கோலத்தை விட இது நிரலுக்கு எளிது.

ஸ்கிராட்ச்சில் இடது கீழ்மூலையில் உள்ள பொத்தானைச் சொடுக்கி ‘பென்’ என்ற கூடுதல் பகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடிக் கட்டையின் கீழ் ‘எரேஸ் ஆல்’, அதன் கீழ், ஸ்கிராட்ச்சைத் திறந்ததும் திரையில் நிற்கும் பூனையை நடுவில் நிறுத்த ‘கோ டூ’ கட்டையில் எக்ஸ் 0, ஒய் 0, அதன் கீழ் ‘பென் டவுன்’. இனி ஒரு இதழ். ‘ரிப்பீட் 2’ கட்டையின் உள்ளே நான்கு கட்டை: மூவ் 80, டர்ன் 45, மூவ் 80, டர்ன் 135. கொடியை அழுத்தினால் சாய்சதுரம் ஒன்று வரும். அது ஒரு இதழ். அந்த ‘ரிப்பீட் 2’ முழுவதையும் ‘ரிப்பீட் 8’-இன் உள்ளே தூக்கி வைத்து, அதன் அடியில், ஆனால் ‘ரிப்பீட் 8’-க்குள்ளேயே, டர்ன் 45 ஒன்று சேருங்கள். கொடியை அழுத்துங்கள். எட்டு இதழ்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நட்சத்திரமாக விரியும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், எண்களை மாற்றிப் பார்க்க விடுங்கள். கடைசி 45-ஐ 44 ஆக்கினால் சுற்று மூடாது, ஓரத்தில் சின்ன இடுக்கு தெரியும். ஏன் என்று கேளுங்கள். எட்டுத் தடவை 44 திரும்பினால் 352 பாகைதான், 360 ஆகவில்லை. இதழுக்குள் 45-ஐயும் 135-ஐயும் இடம் மாற்றிப் போட்டால் நெருக்கமான வேறொரு பின்னல் வரும். அதைத் தப்பு என்று சொல்லாமல் தனிப் பெயர் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். ஆறு இதழ் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையிடம் விடையைச் சொல்லாமல் “360-ஐ ஆறால் வகு” என்று மட்டும் சொல்லுங்கள். 60 கிடைக்கும். இதழுக்குள் 60-ம் 120-ம். ஐந்து என்றால் 72-ம் 108-ம். இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 180 வருகிறது என்று அடுத்த வரிசையிலிருந்து குரல் வரும்.

வண்ணம், கோட்டின் தடிமன் எல்லாம் பென் கட்டைகளிலேயே இருக்கின்றன. அதற்கு நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது வேலை: நகரும் படம்

பிள்ளைகள் வரைந்த உருவங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு புகைப்படம் எடுத்து, வரிசையாக ஓட்டுவது. ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. வெட்டுபவர், நகர்த்துபவர், படம் எடுப்பவர், எண்ணுபவர், கதை சொல்பவர் என்று எல்லாருக்கும் இடம் உண்டு. வாய் திறக்காத பிள்ளைகளும், காது கேளாத பிள்ளைகளும் இதில் குழுவின் நடுவே வந்துவிடுவார்கள், ஏனென்றால் வேலை முழுக்கக் கண்ணிலும் கையிலும் நடக்கிறது.

கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். வினாடிக்கு 8 படம் என்று வைத்தால் 10 வினாடிக்கு 80 படம். இரட்டைப் பாடவேளை இரண்டில் முடியும். ஒரு நிமிடப் படம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டால் 480 படம், பாதியில் நின்றுவிடும். ஆகவே கதையும் 10 வினாடிக்குள். விதை முளைக்கிறது, பல்லி பூச்சியைப் பிடிக்கிறது, சைக்கிள் டயர் உருண்டு ஊரைச் சுற்றி வருகிறது. இதெல்லாம் போதும்.

மேசையின் மேல் இரண்டு அடுக்காகப் புத்தகம் வைத்து, கைப்பேசியை அதன் மேல் குப்புறப் படுக்கவைத்து, கேமரா மட்டும் இடைவெளிக்கு மேல் வரும்படி டேப்பால் ஒட்டிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காகிதம் பறக்கும். சன்னல் பக்கம் வேண்டாம், மேகம் வந்து போகும்போது படம் இருண்டு வெளுக்கும். படம் எடுப்பவர் “கை எடு” என்று சத்தமாகச் சொன்ன பிறகே சொடுக்க வேண்டும். இல்லையென்றால் பாதிப் படத்தில் யாரோ ஒருவரின் விரல் இருக்கும்.

படங்களைக் கணினிக்கு மாற்றி, ஸ்கிராட்ச்சில் ஒரே உருவத்தின் பல ‘காஸ்ட்யூம்’களாக (அதாவது தோற்றங்களாக) ஏற்றி, ‘நெக்ஸ்ட் காஸ்ட்யூம்’, ‘வெயிட் 0.125’ இரண்டையும் ‘ரிப்பீட்’டுக்குள் வைத்தால் படம் ஓடும். எண்பதும் ஏற்றக் கணினி திணறினால் படங்களைச் சிறிதாக்கி ஏற்றுங்கள். தனியாக வரைந்த உருவத்தை உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால், கைப்பேசியில் ஆவணம் வருடும் செயலியால் எடுங்கள். காகிதம் சுத்த வெள்ளையாகிவிடும், ஸ்கிராட்ச்சின் வெள்ளைப் பின்னணியோடு சேர்ந்துவிடும். படத்தின் தலைப்பையும் தட்டச்சு செய்யாமல் பிள்ளைகள் கையாலேயே எழுதட்டும், அதையும் படமெடுத்துச் சேருங்கள். எழுத்துருத் தொல்லையும் இல்லை, பார்க்கவும் அழகு.

நான்காவது வேலை: நிழலும் ஒலியும்

தோல்பாவைக் கூத்து ஆடும் குடும்பங்கள் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் பகுதியில் ஒரு குழு கிடைத்தால், உரிய சம்பளம் கொடுத்து அழைத்து வாருங்கள். இலவசமாக ஆடச் சொல்லாதீர்கள். பள்ளியில் பிள்ளைகள் செய்வதற்குத் தோல் தேவையில்லை. அட்டையில் உருவம் வெட்டி, கண்ணும் உடையும் வரும் இடத்தைக் குடைந்து வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டி, கைகால் மூட்டுகளை நூல் முடிச்சால் இணைத்து, பின்னால் ஈர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் பாவை தயார். வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுங்கள்.

டியூப் லைட்டை வைத்தால் நிழல் மங்கலாக, விளிம்பு கலைந்து விழும். கைப்பேசியின் டார்ச்சை வைத்தால் கூர்மையாக விழும். நீளமான விளக்கிலிருந்து ஒளி பல இடங்களிலிருந்து வருகிறது, டார்ச்சில் ஒரே புள்ளியிலிருந்து. பாவையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், துணிப் பக்கம் வந்தால் சிறிதாகும். அறிவியல் புத்தகத்தில் படமாக இருப்பதை வைத்து அரக்கனை வளரவும் சுருங்கவும் செய்யலாம்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்வது நல்லது. வகுப்பறையில் எதிரொலி அதிகம். மூலையில் இரண்டு பெஞ்சைச் சாய்த்து, மேலே போர்வை போட்டு, உள்ளே உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். பறையோ தவிலோ பதிவு செய்யும்போது கைப்பேசியைக் கருவிக்கு அருகில் வைக்காதீர்கள், ஒலி உடைந்துவிடும். வெளியே மரத்தடியில், ஏழெட்டு அடி தள்ளி வைத்து எடுத்தால் தெளிவாக வரும். பிறகு ஆடாசிட்டியில் திறந்து, முன்னும் பின்னும் உள்ள இருமலையும் சிரிப்பையும் வெட்டச் சொல்லுங்கள். ஒலி அலை கண்ணுக்குத் தெரிவதை முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் தங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பதிவு செய்வார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

இதற்கு மேல் ஆர்வம் இருந்தால் பாவையின் கண்ணில் எல்.இ.டி. வைக்கலாம். நீளமான கால் நேர்மின், 3 வோல்ட் பட்டன் மின்கலம் போதும். சிவப்பையும் வெள்ளையையும் ஒரே மின்கலத்தில் பக்கவாட்டில் இணைத்தால் சிவப்பு மட்டும்தான் ஒழுங்காக எரியும், ஏனென்றால் அதற்குக் குறைந்த மின்னழுத்தம் போதும், மின்னோட்டத்தை அது இழுத்துக்கொள்கிறது. ஒரே நிறமாக வையுங்கள். பட்டன் மின்கலத்தைச் சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் உணவுக்குழாயையே எரித்துவிடும். தொடக்க வகுப்புகளுக்குக் கொடுக்கவே கூடாது. மற்றவர்களிடமிருந்தும் வகுப்பு முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

சேமிப்பும் பிள்ளைகளின் தனியுரிமையும்

சில ஆய்வகங்களில் கணினியை அணைத்தால் சேமித்தது அழிந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். வகுப்பு முடியும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி எல்லாக் கோப்புகளையும் பென் டிரைவில் எடுங்கள். கோப்புப் பெயராக வகுப்பு, பிரிவு, குழுப் பெயர், தேதி மட்டும். இரண்டாவது பென் டிரைவில் அன்றே ஒரு படி எடுத்துத் தலைமையாசிரியர் அறையில் வையுங்கள்.

பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் உங்கள் வாட்ஸ்அப் நிலையிலோ முகநூலிலோ போடாதீர்கள். பெருமையில் போட்டாலும் போடக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வேலையைக் காட்ட வேண்டும் என்றால் கையையும் கோலத்தையும் மட்டும் படமெடுங்கள். இணையத்தில் ஏற்றுவது பற்றித் தலைமையாசிரியரும் பெற்றோரும் முடிவு செய்யட்டும்.

காட்டும் நாள்

ஒரு பருவத்துக்கு ஒருமுறை ஊருக்குக் காட்டுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்ட நாளே வசதி, பெற்றோர் எப்படியும் வருவார்கள். முற்றத்தில் கோலம், அதன் பக்கத்தில் திரையில் அதே கோலம், அதை வரைந்த பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் நின்று விளக்கட்டும். கோலம் சொல்லித்தந்த அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்துப் பேச அழையுங்கள். நிழற்கூத்துக்கு அறையை இருட்டாக்கச் சார்ட்டுகளை முந்தின நாளே சன்னலில் ஒட்டிவிடுங்கள். அன்று காலையில் ஒட்ட ஆள் கிடைக்க மாட்டார்கள்.

கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம் தருகிறார்கள். பிரிவுகளும் வயது வரம்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் சுற்றறிக்கை வந்த அன்றே வாங்கிப் படித்துவிடுங்கள். பிள்ளைகளின் பெயரை எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளத்தில் பதிவு செய்யும் வேலையைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். தளம் மெதுவாகிப் பெயர் விடுபட்டால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான். நன்றாக ஆடும், வரையும் நாலைந்து பேரை மட்டும் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் தயார் செய்யும் வழக்கம் பல பள்ளிகளில் வந்துவிட்டது. பரிசுக்கு அது உதவும், கல்விக்கு உதவாது. வாராந்திர வகுப்பு எல்லாருக்கும் நடக்கட்டும். போட்டிக்கான பயிற்சியை மதிய இடைவேளையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு

எட்டாம் வகுப்பில் நான்கைந்து பேரைக் குழுத்தலைவர்களாக்கி, ஆறாம் வகுப்புக்கு நட்சத்திரக் கோலத்தை அவர்களையே நடத்தச் சொல்லுங்கள். எந்தக் கட்டையில் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் மாறுதலில் போனாலும், ஒப்பந்தம் முடிந்து போனாலும் வகுப்பு நிற்காமல் இருக்க, ஒரு நோட்டில் இவற்றை எழுதி ஆய்வகத்திலேயே வையுங்கள்: எந்த வாரம் என்ன செய்தீர்கள், எந்தக் கணினியில் எது நிறுவியிருக்கிறது, கோலம் சொல்லித்தர வந்தவர்கள் எந்தத் தெரு, வேட்டியும் பென் டிரைவும் எந்தப் பீரோவில் இருக்கின்றன, சாவி யாரிடம் இருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் தலைமையாசிரியரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். அடுத்து வருபவர் அனுமதி கேட்டு முதலிலிருந்து அலைய வேண்டியிருக்காது.